ஒற்றர் பட இலக்கணம்: ஐயங்கார்குளத்துப் பாடம்

பாயிரம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். யானைக்கு நூல் உண்டு, குதிரைக்கு உண்டு, பல்லி விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் அட்டவணையே உண்டு. நடு ராத்திரியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கார் ஓட்டுகிறவனுக்கு மட்டும் தமிழில் ஒரு நூற்பா கிடையாது. ஏறத்தாழ அறுபது வருஷமாகக் காசு கொடுத்து அவனைப் பார்த்துவரும் நாட்டுக்கு இது பெருங்குறை. அக்குறை தீர இந்நூல் செய்யப்பட்டது. நூற்பாவும் நாமே, உரையும் நாமே. மறுப்பு வேண்டுமென்றால் அதையும் நாமே எழுதிக்கொள்வோம்.

நூல் அரங்கேறும் களம் ஐயங்கார்குளம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர். லட்சுமி குமார தாத்தாச்சாரியார் வெட்டிய பெரிய குளம், சஞ்சீவிராயர் கோயில், பூமிக்குள் இறங்கும் நடவாவிக் கிணறு, இவை மூன்றும் ஊரின் அடையாளம். படம் பிறந்த சேலத்தையும் சென்னையையும் விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தீர் எனின், கூறுதும். ஊர்த் தெய்வம் ஆஞ்சநேயர். ஒற்றர் குலத்துக்கே அவர்தான் மூலவர். எதிரி நாட்டுக்குள் தனியாகப் போனார். ஆள் அடையாளத்துக்குக் கணையாழி கொண்டுபோனார். உருவைச் சுருக்கிக்கொண்டு மாளிகை மாளிகையாகத் தேடினார். திரும்பும்போது சூடாமணியைக் கையோடு வாங்கி வந்தார். இன்றைக்கு உளவுப் படம் எடுக்கிறவர்கள் இவற்றில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கம்பர்கூட யுத்த காண்டத்தில் ‘ஒற்றுக் கேள்விப் படலம்’ என்று தனியே ஒன்று வைத்திருக்கிறார். அதில் வருபவர்கள் இராவணனுடைய ஆட்கள், வேவு பார்க்க வந்து பிடிபட்டு விழித்தவர்கள். அவர்களுக்கு யாரும் கோயில் கட்டவில்லை.

மூலவரின் செய்கைகளில் இரண்டு இந்நூலுக்கு ஆதாரம். அசோகவனத்தில் சீதைக்கு நம்பிக்கை பிறக்காதபோது பேருருவைக் காட்டினார். வந்த வேலை முடிந்தபின் ஊரையும் கொளுத்திவிட்டுப் போனார். வேவு பார்க்கப் போனவன் ஊருக்குத் தெரியாமல் திரும்பவேண்டும் என்பது பிற நாட்டார் விதி. ஊரே வாசலுக்கு வந்து பார்க்கும்படி திரும்பவேண்டும் என்பது நம் விதி. இனி வரும் இயல்கள் எல்லாம் இவ்விதியின் விரிவு.

எண்ணியல்

மூவிலக்கம் பெற்றோன் ஒற்றன், அவ்விலக்கம்
சுவரொட்டி தன்னில் தோன்றலும் உரித்தே.

இலண்டன்காரருக்கு 007. அவருக்கு மூத்தவர் ஒருவர் பிரான்சில் இருந்தார். ழான் புரூஸ் என்ற எழுத்தாளர் 1949லேயே ஓ.எஸ்.எஸ். 117 என்ற ஒற்றரை உலவவிட்டார். இயான் பிளெமிங் 1953ல்தான் வந்து சேர்ந்தார். தெலுங்கில் 1966ல் கிருஷ்ணா நடித்த ‘கூடாச்சாரி 116’ வந்தது. அதையே இந்தியில் 1967ல் ‘ஃபர்ஸ்’ என்று எடுத்தபோது ஜிதேந்திராவுக்கும் 116. மறு ஆண்டு எம்.ஜி.ஆர். ‘ரகசிய போலீஸ் 115’. அதே 1968ல் கன்னடத்து ராஜ்குமார் சி.ஐ.டி. 999. இப்படி 115, 116, 117 என்று வரிசையாக வருவதைப் பார்த்தால் மூவரும் ஒரே ரேஷன் கடையில் டோக்கன் வாங்கியவர்கள் என்று தோன்றும். ராஜ்குமார் மட்டும் கடை சாத்துகிற நேரத்துக்கு வந்திருக்கவேண்டும்.

சுவரொட்டி என்றது என்னையெனின், பந்துலு இயக்கிய அந்த எம்.ஜி.ஆர். படத்தின் பெயரிலேயே ‘ரகசிய’ என்று இருக்கிறது. அந்த ரகசியத்தை மைதாப் பசை தடவி ஊர் ஊராக ஒட்டினார்கள். அது தமிழர்க்கு முரணாகத் தோன்றவில்லை. இவ்விடத்தில் வரலாற்றாசிரியர்களுக்கு ஒரு குறிப்பும் தரக் கடமைப்பட்டுள்ளோம். படம் வெளியானது 1968 ஜனவரி 11. வெளிநாட்டு உளவுக்கென்று இந்திய அரசு ‘ரா’ அமைப்பைத் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 21. ஆகவே நம்முடைய 115, டெல்லியின் ராவுக்கு எட்டு மாதம் மூத்தவர்.

துறையியல்

துறைகள் மூன்று: சி.ஐ.டி., சி.பி.ஐ., ரா. அறுபதுகளில் சி.ஐ.டி. போதும். 1969ல் சிவாஜி ‘தங்கச் சுரங்க’த்தில் சி.பி.ஐ.க்கு மாறினார். 2013ல் ‘விஸ்வரூபம்’, 2022ல் ‘பீஸ்ட்’ என்று இப்போது எல்லோரும் ராவில் இருக்கிறார்கள். துறை எதுவானாலும் டி.ஏ. பற்றியோ டிரான்ஸ்பர் பற்றியோ ஒரு வசனம்கூடக் கிடையாது. இதை வைத்தே இவை அரசு அலுவலகங்கள் அல்ல என்று ஐயங்கார்குளத்தார் தெளிகின்றனர்.

பதவி படத்தோடு முடியாமல் உயிரோடு ஒட்டிக்கொண்டதற்கு எடுத்துக்காட்டு ஒருவரே. 1970ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் நடித்த சகுந்தலா, அதன்பிறகு எத்தனையோ வேடங்கள் போட்டும் 2024ல் மறையும்வரை ‘சி.ஐ.டி. சகுந்தலா’வாகவே இருந்தார். வேறு எந்தத் துறையும் தன் அதிகாரிக்கு இத்தனை நீண்ட பணிக்காலம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஒழிபு: ஜேம்ஸ்பாண்டுக்கு வெடிக்கும் பேனாவும் விசித்திரக் காரும் செய்து தரும் பிரிவுக்குக் கியூ பிராஞ்ச் என்று பெயர். தமிழ்நாட்டுப் போலீசிலும் கியூ பிராஞ்ச் உண்டு. அது பேனா செய்து தருவதில்லை. இதற்குமேல் இவ்விடத்தில் உரை எழுதுவது உரையாசிரியனுக்கு நல்லதன்று.

அகவையியல்

ஒற்றனாக நடிப்பவனுக்கு என்ன வயது இருக்கவேண்டும்? தொல்லாசிரியர் எவரும் இதைச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே உத்திரமேரூர் இருக்கும்போது நாம் எதற்குக் கலங்கவேண்டும்? அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, 919லும் 921லும் வெட்டியவை. குடவோலையில் பெயர் எழுதப்பட யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று அவை வகுத்துச் சொல்லும். கால் வேலிக்குமேல் சொந்த நிலம் இருக்கவேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது வரம்பு முதல் கல்வெட்டில் 30 முதல் 60. இரண்டே வருஷத்தில் சபையார் கூடி யோசித்து 35 முதல் 70 என்று மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்று ஆய்வாளர் பலவாறு கூறுவர். நம் கருத்து, வரப்போகும் தமிழ் சினிமாவை அவர்கள் முன்னரே உணர்ந்துவிட்டார்கள் என்பது.

சான்று காட்டுவோம். 1954 நவம்பரில் பிறந்த கமல்ஹாசன், 1986 மே மாதம் வெளிவந்த ‘விக்ரம்’ படத்தில் ஒற்றராக நடித்தபோது வயது 31. முதல் கல்வெட்டின்படி தகுதி உண்டு, இரண்டாவதன்படி இல்லை. அதே பெயரில் 2022 ஜூன் 3 அன்று மறுபடி வந்தபோது வயது 67. முதல் கல்வெட்டின்படி நீக்கம், இரண்டாவதன்படி தகுதி. ஒரே ஆள், ஒரே பெயர், நடுவில் 36 ஆண்டு. சபையார் இரண்டு கல்வெட்டும் வெட்டியிராவிட்டால் இவ்விரண்டு படங்களில் ஒன்று சட்டவிரோதமாகியிருக்கும்.

எம்.ஜி.ஆர். 115 ஆனபோது 50, சிவாஜி தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியபோது 40. இருவரும் இரண்டு கல்வெட்டுக்கும் உட்பட்டவர்கள். இலண்டனில் 1985ல் ரோஜர் மூர் 57 வயதில் மாடிப்படி ஏறி ஓடியதைப் பார்த்து அந்நாட்டார் சிரித்தார்கள். உத்திரமேரூர்ச் சபை அவருக்கு இன்னும் 13 வருஷம் கொடுத்திருக்கும்.

இடறுவது ஜெய்சங்கர். 1938ல் பிறந்தவர். 1966ல் ‘வல்லவன் ஒருவன்’ வந்தபோது 28. எந்தக் கல்வெட்டாலும் அவரைக் காப்பாற்ற முடியாது. போதாததற்கு இன்னொரு விதியும் இருக்கிறது: முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. ஜெய்சங்கரோ அதே ஆண்டிலேயே ‘இரு வல்லவர்க’ளிலும் ஒரு வல்லவராகப் பதவி ஏற்றுவிட்டார். சொந்த வீடு, கால் வேலி நிலம் என்று பார்த்தாலோ எந்த ஒற்றனும் தேறமாட்டான். படம் முழுக்க ஓட்டல் அறையிலேயே தங்குகிறவனுக்குப் பட்டா எங்கிருந்து வரும்? கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிடக் கூடாது என்ற விதியைத் தயாரிப்பாளர்களுக்குப் பொருத்திப் பார்ப்பது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நிலைபேற்றியல்

ஒரே ஒற்றனைப் பல படத்தில் தொடர்ந்து காட்டினால் அவன் நிலைபெறுகிறான். நிலைபெறுமாறு இருவகை: பெயர் நிற்க ஆள் மாறுதல், ஆள் நிற்கப் பெயர் மாறுதல்.

முன்னது ஆங்கிலேயர் மரபு. 1962 முதல் 2021 வரை பிராக்கலி குடும்பத்து நிறுவனம் எடுத்த 25 படங்களில் ஷான் கானரி தொடங்கி டேனியல் கிரெய்க் வரை ஆறு பேர் வந்துபோனார்கள். பெயர் மாறவில்லை. அந்தப் பெயர்மேல் அவர்களுக்கு எத்தனை பற்று என்றால், 2012 இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் எலிசபெத் அரசியே பாண்டோடு ஒரு காட்சியில் நடித்தார். அதே ஆண்டு வந்த ‘ஸ்கைஃபால்’ தாய்நாட்டில் பத்துக் கோடி பவுண்டுக்குமேல் வசூலித்த முதல் படம் ஆயிற்று. குடிமக்கள் வரிசையில் நின்று தங்கள் ஒற்றனைப் பார்த்தார்கள்.

பின்னது நம் மரபு. ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்று பட்டம் கொடுத்தோமே, அது அவர் ஏற்ற எந்தப் பாத்திரத்துக்கும் கொடுத்ததன்று. அவர் பூப்போட்ட சட்டை அணிந்து காதல் பாட்டுப் பாடினாலும் ஜேம்ஸ்பாண்ட்தான், அண்ணனாக வந்து கண்ணீர் விட்டாலும் ஜேம்ஸ்பாண்ட்தான். அதனாலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் ஒற்றனுக்குத் தனிப் பெயர் தேடி அலையவில்லை. நடிகர் பெயரின் பின்பாதியை வெட்டி எடுத்து, முன்னால் மூன்று எழுத்துப் போட்டு ‘சி.ஐ.டி. சங்கர்’ என்றார்கள், வேலை முடிந்தது. ‘வல்லவன் ஒருவன்’ கதையும் பாங்காக்கில் உலவிய அந்தப் பிரெஞ்சு 117இன் கதைதான். சேலத்துக்கு வந்து இறங்கிய பிறகு எண் போயிற்று, ஆள் நின்றார். வேதாவின் இசையில் இந்தி மெட்டும் கூடவே வந்து இறங்கியது. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

கன்னடத்தார் இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டனர். துரை, பகவான் என்ற இரட்டையர் இயக்க, ராஜ்குமார் ஒருவரே சி.ஐ.டி. 999 என்ற ஒரே பெயரில் 1968 முதல் 1978 வரை நான்கு படத்தில் வந்தார். ஆளும் நிலை, பெயரும் நிலை. இந்த ஒழுங்கு நமக்கு வராது.

அற்றேல், தமிழர் தம் ஒற்றனை ஆங்கிலேயர் அளவுக்குப் போற்றவில்லையோ எனின், அவ்வாறன்று. அங்கே அரசி ஒற்றனோடு சில நிமிஷம் நடித்தார். இங்கே 115ஆக நடித்தவர் 1977ல் முதலமைச்சர் ஆனார், அதில் அவருக்கு ஜோடியாக வந்த ஜெயலலிதா 1991ல் ஆனார். ஒரே உளவுப் படத்திலிருந்து இரண்டு முதலமைச்சர்களை எடுத்த நாடு இன்னொன்று இருந்தால் சொல்லுங்கள், இந்த இயலைத் திருத்திக்கொள்கிறோம்.

வேடவியல்

திருக்குறளில் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். பார்த்தவர் சந்தேகப்படாத உருவம் வேண்டும், துறவி வேடமும் ஆகும் என்பது வள்ளுவர் கருத்து. கல்கி இதை அட்சரம் பிசகாமல் பின்பற்றினார். ‘சிவகாமியின் சபத’த்தில் நாகநந்தி புத்த பிட்சுவாகக் காஞ்சியில் நடமாடுகிறார், மகேந்திர பல்லவரோ வஜ்ரபாகு என்ற பெயரில் சுற்றுகிறார். ‘பொன்னியின் செல்வ’னில் ஆழ்வார்க்கடியான் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு வழியெல்லாம் சண்டை இழுக்கிறார். இத்தனை கூச்சல் போடுகிறவனை யார் ஒற்றன் என்பார்கள்?

சினிமா வேறு வழியில் போயிற்று. கன்னத்தில் ஒரு மரு, ஒரு குறுந்தாடி, தலையில் தொப்பி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மரு ஒட்டிய எம்.ஜி.ஆரை நம்பியாருக்கு அடையாளம் தெரியாது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியும். இதை அறியாமை என்று வெளியூர் விமரிசகர் எழுதினார்கள். அது இலக்கணம். வேடம் வில்லனுக்காகப் போடப்படுவது, பார்க்கிறவர்களுக்காக அன்று. தெருக்கூத்தில் மீசை ஒட்டி வருகிறவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் துரியோதனனைப் பார்த்து நடுங்குகிறார்கள். 2022 தீபாவளிக்கு வந்த ‘சர்தார்’ படத்தில் கார்த்தி மேடை நாடகக்காரராக இருந்து ஒற்றர் ஆகிறார். பி.எஸ்.மித்ரன் எடுத்த படங்களில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றுக்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும். ஒற்றனுக்கு ஆள் எடுக்கவேண்டிய சரியான இடத்தைத் தமிழில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

போலி ஒற்றர் என்று ஒரு கிளை வகை உண்டு. ஒற்றனே அல்லாதவனை ஒற்றன் என்று கொள்வது. புறநானூற்றின் 47ஆம் பாட்டுக்குரிய செய்தி அது. உறையூருக்குப் போன இளந்தத்தன் என்ற புலவரை வேவு பார்க்க வந்தவர் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போக, கோவூர் கிழார் பாடிக் காப்பாற்றினார். இன்றைக்கு இவ்வகை ஒற்றர் மிகுதியாகக் காணப்படும் நிலப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டம். பரந்தூர் விமான நிலையச் செய்தி வந்த 2022 முதல், கையில் டேப்போ ஏதாவது கருவியோ வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நிற்பவர் யாரானாலும் டீக்கடையில் விசாரணை உண்டு. “எந்த ஆபீசுங்க? சர்வேயா?” நடவாவியைப் படம் பிடிக்க வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதே கேள்வி. காப்பாற்றக் கோவூர் கிழார் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துத் தப்பிக்கவேண்டியதுதான்.

நிலவறையியல்

வில்லன் பூமிக்கு அடியில் இருப்பான். சுவரில் ஒரு பொம்மையைத் திருப்பினால் கதவு திறக்கும், சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும், சம்பந்தமில்லாமல் ஒரு பெண் ஆடிக்கொண்டிருப்பாள். மற்ற ஊர்க்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஐயங்கார்குளத்தார் அசையவில்லை. நிலத்தில் தோரண வாயில் நிற்கிறது, படி கீழே கீழே இறங்குகிறது, அடியில் தூண் வைத்த மண்டபம், மண்டபத்துக்குள் கிணறு. தண்ணீர் நிறைந்து கிடக்கும் அதை இறைத்து வைத்து, சித்ரா பௌர்ணமியன்று காஞ்சி வரதரை எழுந்தருளச் செய்கிறார்கள். இத்தனையையும் எந்தக் கலை இயக்குநரும் தெர்மாகோலில் செய்யவில்லை. இவர்களிடம் போய் நிலவறை காட்டி வியக்கச் சொன்னால் எப்படி?

வெளிப்பாட்டியல்

முதுகு காட்டி நின்றோன் முகம்திருப்பும் காலை
விசில்எழும் என்ப விளங்கக் கண்டோர்.

நூலின் உயிர்நிலை இவ்வியல். ஒற்றன் ஒளிந்திருப்பதைப் பார்க்கத் தமிழர் தியேட்டருக்கு வருவதில்லை. ஒளிந்திருந்தவன் ‘நான்தான்’ என்று நிமிரும் அந்த ஒரு கணத்துக்காக வருகிறார்கள். முன்னால் உள்ள ஒரு மணி நேரம் அதற்கு முன்பணம்.

‘விஸ்வரூபம்’ படத்தில் நியூயார்க்கில் கதக் சொல்லிக்கொடுக்கும் விசுவநாதன் எத்தனை சாதுவாக நடக்கிறார், எப்படிக் குழைந்து பேசுகிறார் என்பதையெல்லாம் பொறுமையாகக் காட்டுகிறார்கள். பிறகு கிடங்கில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். கடைசியாகத் தொழுதுகொள்கிறேன் என்று கேட்கிறார். கட்டு அவிழ்ந்த சில நொடியில் அறையில் நின்றவர்கள் எல்லோரும் தரையில் கிடக்கிறார்கள். இது மூலவர் அசோகவனத்தில் செய்ததே. படத்துக்கு வைத்த பெயரும் ஒளிவுமறைவு இல்லாமல் அதைச் சொல்லிவிடுகிறது.

2022 ‘விக்ரம்’ இன்னும் துணிந்தது. கமல் இறந்துபோனதாகக் காட்டிவிட்டு, முகமூடி போட்ட ஒருவனைப் பாதிப் படம் உலவவிட்டு, முகமூடிக்குள் யார் என்று ஃபகத் பாசிலைத் தேடவைத்தார் லோகேஷ் கனகராஜ். டிக்கெட் வாங்கிய ஒருவருக்குக்கூட அதில் சந்தேகம் இல்லை. துப்புத் துலக்குகிற அதிகாரி ஒருவருக்கு மட்டும்தான் தெரியாது. இடைவேளையில் முகமூடி கழன்றபோது தியேட்டர் அதிர்ந்ததே, அது தெரியாததைத் தெரிந்துகொண்ட அதிர்ச்சியா? எத்தனை நேரமாய் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம் பார் என்ற பெருமூச்சு அது.

மெய்யாகவே ஊரை ஏமாற்றியது வேறொரு பாத்திரம். வீட்டு வேலை செய்துகொண்டு, குழந்தைக்குப் பாலைக் கொடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் நில்லாமல் போய்வந்த ஒரு பெண், வீட்டுக்குள் ஆள் புகுந்ததும் ஏஜென்ட் டீனா ஆகிறாள். சந்தேகத்துக்கு இடம் தராத உருவம் வேண்டும் என்ற வள்ளுவர் விதி தமிழ்த் திரையில் முழுதாகக் கைக்கொள்ளப்பட்டது அநேகமாக இந்த ஒருமுறைதான். படம் விட்டு வந்த பெண்கள் கமலைவிட்டு டீனாவைப் பற்றியே பேசினார்கள். பாத்திரம் துலக்குகிறவளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் முன்னமே அறிந்த உளவு.

வெளிப்பாட்டில் மிகையும் உண்டு. 1983ல் வெளிவந்த ‘ஆக்டோபுசி’யை எடுக்க உதயப்பூருக்கு வந்த பாண்ட் கோஷ்டி, நம் சென்னையில் பிறந்த டென்னிஸ்காரர் விஜய் அமிர்தராஜுக்கு ஒற்றர் வேலை கொடுத்தது. பாம்பாட்டி வேடத்தில் அவர் படித்துறையில் உட்கார்ந்திருக்கிறார். படகில் வந்து இறங்குபவருக்குத் தன்னை எப்படி அடையாளம் காட்டுகிறார் தெரியுமா? மகுடியில் ஜேம்ஸ்பாண்ட் படத்து இசையையே ஊதுகிறார். தமிழ்நாட்டுக்காரரை ஒற்றனாக வைத்தால் இதுதான் நடக்கும் என்று இலண்டன்காரர்களுக்கு யாரோ முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

ஒற்றனைப் பலர் அறியச் சிறப்பிக்காதே, சிறப்பித்தால் மறைத்துவைத்ததை நீயே வெளியிட்டவன் ஆவாய் என்பது ஒற்றாடலின் பத்தாம் குறளின் கருத்து. ‘விக்ரம்’ வெற்றி பெற்றதும் கமல் இயக்குநருக்கு லெக்சஸ் கார் கொடுத்தார், உதவி இயக்குநர்களுக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தார், ரோலக்ஸ் என்ற பெயரில் கடைசியில் தலைகாட்டிய சூர்யாவுக்கு ரோலக்ஸ் கடிகாரமே கட்டிவிட்டார். அத்தனையும் போட்டோவோடு. வள்ளுவர் உயிரோடு இருந்தால் பதினோராவது குறள் எழுதியிருப்பார்.

கண்டோரியல்

பார்க்கிறவர்களை ஐயங்கார்குளத்து வழக்கின்படி பிரிக்கிறோம்.

முதல் வகை, முன்னறிவோர். பெயர் போடும்போதே யார் போலீஸ், யார் துரோகி என்று உரக்கச் சொல்லிவிடுவர். கீற்றுக் கொட்டாய் காலத்தில் ரீல் மாற்ற விளக்குப் போடும்போதெல்லாம் அடுத்த ரீலை இவர்களே வாயால் ஓட்டிவிடுவார்கள். இவ்வகையின் இயல்பு ஓர் உரையாடலால் விளங்கும்.

“ஏம்பா, கமல் செத்துட்டாருன்னு காட்றான், நீ பாட்டுக்கு முறுக்கு துண்ணுகினு கீற?”

“அட போ பெரிப்பா. ஆரம்பத்துலயே ஈரோ சாவுறதுக்கா காசு குடுத்துகினு வந்து குந்தினு கீறோம்? வருவாரு, இன்ட்ரவல்ல வருவாரு.”

“உனுக்கு எவன் சொன்னான்?”

“இன்ட்ரவல்ல வரலன்னா வேற எப்ப வருவாரு?”

இரண்டாம் வகை, சஞ்சீவி வகையார். ஊர்த் தெய்வத்தின் வழி வந்தவர்கள். மூலிகை ஒன்று கேட்டால் மலையையே பெயர்த்துக்கொண்டு வருவர். ‘படம் எப்படி?’ என்று கேட்ட பாவத்துக்குக் கம்பெனிப் பெயர் முதல் வணக்கம் வரை ஒன்றும் விடாமல் சொல்லி, சண்டைக்குக் கையையும் ஆட்டிக் காட்டுவர். இவர்கள் பார்த்த படத்தை ஊரில் மற்றவர்கள் பார்க்கத் தேவையில்லை.

மூன்றாம் வகை இளையோர், பட்டயம் படிப்பவர். 2019ல் வந்த ‘கைதி’க்கும் ‘விக்ர’முக்கும் யார் யாருக்கு என்ன உறவு, எந்தச் சரக்கு எந்த லாரியில் போயிற்று, அன்பும் அடைக்கலமும் யாரைப் பழிவாங்கக் காத்திருக்கிறார்கள் என்று வம்சாவளி சொல்வர். தன் தாத்தாவின் அப்பா பெயர் கேட்டால் மட்டும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பர்.

நான்காம் வகை எல்லை கடந்தோர். 2013 ஜனவரியில் மாவட்ட ஆட்சியர்கள் தடை உத்தரவு போட, தமிழ்நாட்டில் ‘விஸ்வரூபம்’ இரண்டு வாரம் நின்றுபோய்ப் பிப்ரவரி 7 அன்று வந்தது. அதற்குள் பொறுக்கமாட்டாமல் பக்கத்து மாநிலங்களுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. எல்லை தாண்டிப் போனார்கள், கண்டார்கள், செய்தி கொண்டுவந்து சொன்னார்கள். ஒற்றனுக்கு வேண்டிய மூன்று தொழிலையும் குறைவறச் செய்த இவர்களை, திரையில் தோன்றவில்லை என்ற ஒரே காரணத்தால் வேறு வகையில் வைக்கவேண்டியிருக்கிறது.

இந்நால்வகையாரும் சேர்ந்து வாழும் ஊரில் எந்த வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார், கையில் என்ன பை என்பது பொழுது விடிவதற்குள் டீக்கடைக்கு வந்துவிடும். ‘என்னா, சி.ஐ.டி. வேலை பாக்கறியா?’ என்று அதட்டுகிறவரும் பதிலைக் கேட்டுக்கொண்டுதான் நகர்வார். மூன்று ஒற்றர் சொல் ஒத்தால் நம்பலாம் என்பது வள்ளுவர் அளவை. இங்கே முப்பது பேர் சொல் ஒத்திருக்கும். இத்தகைய ஊர்க்காரர்களுக்கு மறைத்துவைப்பதில் ஒரு சுவாரசியமும் இல்லை. அதை அவர்கள் தினம் பிடிக்கிறார்கள். வெளியே வந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பவனைத்தான் அவர்கள் பார்த்ததில்லை, அதனால் அவனுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

புறனடை

மேற்கூறிய எவ்வகையிலும் அடங்காத ஒற்றர் ஒருவர் உளர். கௌதம் மேனன் இயக்க, விக்ரம் நடிக்க, 2017ல் படப்பிடிப்பு தொடங்கிய ‘துருவ நட்சத்திரம்’ படத்தின் நாயகர். டீசர் வந்தது, பாட்டு வந்தது. 2023 நவம்பர் 24 என்று நாளும் குறித்தார்கள். அந்த நாள் வந்துபோயிற்று, படம் வரவில்லை. எண் சுவரில் ஒட்டப்படவில்லை, முகமூடி இடைவேளையில் கழலவில்லை, ஊரறியக் கார் பரிசும் தரப்படவில்லை. ஒற்றாடல் அதிகாரத்தின் விதிகளை இவரைப்போல் காத்தவர் இல்லாமையால், இவர்க்குக் ‘காணா ஒற்றன்’ என்று தனி வகை வகுத்து, நூற்பா எழுதி, உரைக்கு வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். முன்னறிவோர் மட்டும் கதை தெரியும் என்கின்றனர்.